பழைய வேனில் குடும்பப் பயணம்: வண்டியை வெட்டாதீர்கள்



பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் எங்கள் மணியாச்சிப் பக்கத்து வீடுகளில் ஒரு பேச்சு எழுகிறது. பழைய ஆம்னி வேன் ஒன்று சல்லிசாக வருகிறது. வாங்கி, உள்ளே படுக்கை போட்டு, அடுப்பு வைத்து, பிள்ளைகளோடு குற்றாலமோ கடற்கரையோ போய் இரண்டு இரவு தங்கி வரலாமா என்பதே அந்தப் பேச்சு. பெரியவர்கள் சிலர் இதை வீண்விரயம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகின்றனர். இளைஞர்களோ யூடியூபில் பார்த்த வெளிநாட்டு வண்டிகளை மனத்தில் வைத்துக்கொண்டு, தகட்டை வெட்டிக் கூரையை உயர்த்தும் வரைக்கும் திட்டம் போடுகின்றனர். இரு சாராரோடும் எனக்கு உடன்பாடில்லை. பழைய வேனைக் குடும்பம் தங்கும் வண்டியாக ஆக்கிக்கொள்வது நம் சமூகத்திற்கு மிகவும் பயன்படக்கூடிய காரியம். ஆனால், வண்டியின் உடலைத் தொடாமல், வைத்தால் வைக்கவும் எடுத்தால் எடுக்கவும் கூடிய பொருட்களைக் கொண்டே அதைச் செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

பயன் என்று நான் சொல்வது முதலில் பெண்களுக்கானது. நீண்ட பயணம் என்றால் நம் தாய்மார்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வதைக் கவனித்திருப்பீர்கள். வழியில் நம்பிப் போகக்கூடிய கழிப்பறை கிடையாது. கிடைத்தாலும் அங்கே உளூச் செய்ய முடியாது. லுஹரும் அஸரும் பேருந்து இருக்கையிலேயே கழிந்துபோகின்றன. சர்க்கரை நோயுள்ள முதியவர்கள் இந்தக் காரணத்தாலேயே, "நான் வரவில்லை, நீங்கள் போய் வாருங்கள்" என்று சொல்லிவிடுகின்றனர். அவர்களுக்கு ஆசை இல்லை என்று நாமும் எண்ணிக்கொள்கிறோம். பயணம் என்பது வேதனையின் ஒரு பகுதி, அது மனிதனின் உணவையும் பானத்தையும் உறக்கத்தையும் தடுத்துவிடுகிறது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்ன ஹதீஸ் ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. உணவு, பானம், உறக்கம் ஆகிய அந்த மூன்றையுமே நம் வீட்டுப் பெண்கள் நம்மைவிட அதிகமாக இழக்கின்றனர். அவற்றைத் திருப்பித் தரும் செலவை வீண்விரயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

தொழுகைக்கும் இது துணை. ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றுவோர் பயணத்தில் லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழ முடியாது. ஒவ்வொன்றையும் அதனதன் நேரத்தில் தொழவேண்டும். ஷாஃபிஈகளுக்குச் சேர்த்துத் தொழும் சலுகை இருந்தாலும், கடமையான தொழுகையை நின்று, கிப்லாவை நோக்கித் தொழவேண்டும் என்பதில் மாற்றமில்லை. ஆகவே, "வேனுக்குள்ளேயே உட்கார்ந்து தொழுதுகொள்ளலாம் அல்லவா?" என்று கேட்பவர்களுக்கு, நிறுத்தி இறங்க முடிகின்ற நிலையில் அது கூடாது என்பதே பதில். சொந்த வண்டியின் சிறப்பே நினைத்த இடத்தில் நிறுத்த முடிவதுதான். பக்கக் கதவோரம் ஒரு தார்ப்பாயை இழுத்துக் கட்டினால் நிழலும் மறைவும் கிடைக்கும். பயணத் தொழுகைக்கான தூரம் என்று நம் பகுதி ஆலிம்கள் பலர் சொல்லும் கணக்கு எண்பது கிலோமீட்டரை ஒட்டி வருகிறது. மணியாச்சியிலிருந்து நெல்லை வழியாகக் குற்றாலம் அதைத் தாண்டும். உங்கள் ஊரிலிருந்து எவ்வளவு என்பதை அளந்து, உங்கள் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீரைப் பற்றி ஒரு சிறு கணக்கு. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத் அளவு தண்ணீரில் உளூச் செய்திருக்கிறார்கள். அது முக்கால் லிட்டரைத் தாண்டாது. நான்கு பேர், ஐந்து வேளை என்றாலும் 15 லிட்டர் போதும். குழாய் வைத்த 20 லிட்டர் கேன் ஒன்று ஒரு நாளைக்குக் காணும். கரிசல் காட்டுக்காரர்களுக்குத் தண்ணீரைச் சிக்கனமாகச் செலவிட யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

இனி வண்டிக்கு வருவோம். மாருதி வேன் 1984இல் வந்தது. பிறகு ஆம்னி என்று பெயர் பெற்று, புதிய பாதுகாப்பு விதிகளுக்கு ஈடுகொடுக்க முடியாமல் 2019இல் உற்பத்தி நின்றது. 796 சிசி என்ஜின், இருபுறமும் தள்ளு கதவு, எந்த ஊர் மெக்கானிக்கும் பிரித்து மாட்டக்கூடிய எளிமை ஆகியவற்றால் இன்றும் அதற்கு மவுசு இருக்கிறது. ஆனால் அது மிகச் சிறிய வண்டி. அகலம் ஒன்றரை மீட்டருக்கும் குறைவு. ஆறு பேர் கொண்ட குடும்பம் அதற்குள் உறங்கலாம் என்று எண்ணுவது கனவு. பெண்களும் குழந்தைகளும் உள்ளே, ஆண்கள் வெளியே கூடாரத்தில் என்றால் சரியாக வரும். எட்டு இருக்கை வண்டியில் பின்னிரு வரிசைகளும் எதிரெதிராக இருப்பதால், நடுவே ஒரு பிளைவுட் பலகையை வைத்து மேலே மெத்தையை விரித்தாலே படுக்கை தயார். காலையில் பலகையை எடுத்து ஓரமாகக் கட்டிவிடலாம். ஒரு ஆசாரி அரை நாளில் செய்து தரும் வேலை இது. வெல்டிங் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோகவே தேவையில்லை. வண்டி ஓடும்போது மட்டும் யாரும் அதில் படுத்திருக்கக் கூடாது.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. கேரளத்தின் கண்ணூரில், 'இ-புல் ஜெட்' என்ற யூடியூப் சேனலை நடத்திய சகோதரர்கள் இருவர் தங்கள் டிராவலர் வேனைப் பயண வீடாக மாற்றியிருந்தனர். 2021 ஆகஸ்டில் மோட்டார் வாகனத் துறை அதைப் பறிமுதல் செய்தது. அலுவலகத்தில் நடந்த தகராறில் அவர்கள் கைதாயினர். ஆயிரக்கணக்கான இளைஞர்கள் அவர்களுக்காகப் பொங்கினார்கள். எனக்கு அதில் பரிவு குறைவு. சாலை எல்லோருக்கும் பொதுவானது. அதில் ஓடும் வண்டி எப்படி இருக்க வேண்டும் என்ற விதி, எதிரே வருபவரின் உயிருக்கான அமானிதம். நாம் ஓட்டுநர் உரிமம் பெறும்போதே அதற்கு உடன்பட்டுவிட்டோம். உடன்படிக்கையை நிறைவேற்றுவது மார்க்கக் கடமை. அதோடு, அனுமதியின்றி மாற்றிய வண்டி விபத்தில் சிக்கினால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க வழியுண்டு. பதினைந்து ஆண்டு முடிந்த வண்டி என்றால் ஆர்.சி. புதுப்பித்திருக்கிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள். புதுப்பிக்கும்போது ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியை நேரில் காட்ட வேண்டும். அன்றைக்கு உங்கள் பலகைகள் எல்லாம் வீட்டில் இருக்கட்டும்.

பர்தாவுக்காகக் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதும் இதில் சேரும். 2012இலேயே உச்ச நீதிமன்றம் அதைத் தடை செய்துவிட்டது. துணித் திரை போதும். அதையும் வண்டி நின்ற பிறகு போட்டுக்கொள்ளலாம்.

இதையெல்லாம்விட என் மனத்தை அழுத்துவது அடுப்பு. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில் மதுரை ரயில் நிலையத்தருகே நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டி ஒன்று எரிந்து 9 பேர் இறந்தனர். லக்னோவிலிருந்து புனிதத் தலங்களைக் காணப் புறப்பட்டு வந்தவர்கள் அவர்கள். சட்டவிரோதமாக உள்ளே கொண்டுவந்திருந்த சிலிண்டரில் விடியற்காலைத் தேநீருக்காக அடுப்பை மூட்டியபோது தீப்பிடித்தது. நாகர்கோவிலில் புனலூர்–மதுரை விரைவு ரயிலோடு இணைக்கப்பட்ட அந்தப் பெட்டி, எங்கள் மணியாச்சி ஜங்ஷனைக் கடந்துதான் மதுரை போய்ச் சேர்ந்தது. ரயில் பெட்டியின் அகலத்தில் பாதிகூட இல்லாத ஆம்னிக்குள் அடுப்பு மூட்டலாமா என்று யோசித்துப் பாருங்கள். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. தரையில், படுக்கைக்கு அடியில் தேங்கிக் கிடக்கும். ஆம்னியின் என்ஜினோ முன் இருக்கைக்கு அடியில் சூடாக இருக்கிறது. ஆகவே சமையல் வண்டிக்கு வெளியே, சில அடி தள்ளி. சிலிண்டர் வேண்டுமென்றால் சிறியது. இரவில் அதுவும் வண்டிக்கு வெளியேதான். உறங்கும் முன் நெருப்பை அணைத்துவிடும்படி நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதைப் பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொல்கிறோம். வேனுக்கும் அது பொருந்தும்.

நெருப்பு தெரியாமலும் மரணம் வரும். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்ற கேரவன் ஒன்றில் இருவர் இறந்துகிடந்தனர். ஜெனரேட்டரிலிருந்து உள்ளே கசிந்த கார்பன் மோனாக்சைடுதான் காரணம் என்று பிறகு தெரியவந்தது. அதற்கு நிறமில்லை, வாடையில்லை. உறங்குபவர் உறக்கத்திலேயே போய்விடுவார். எனவே என்ஜினை ஓடவிட்டு ஏ.சி. போட்டுக்கொண்டு உறங்கும் வழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள். கண்ணாடியைச் சற்றே இறக்கி, கொசுவலை கட்டி, 12 வோல்ட் மின்விசிறி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அது ஒன்றிரண்டு ஆம்பியர் மட்டுமே இழுக்கும். அதற்குத் தனி பேட்டரி வேண்டும். அதன் முனையிலேயே ஃபியூஸும் வேண்டும். வண்டியின் பேட்டரியில் இணைத்தால் ஃபஜ்ருக்குப் பிறகு வண்டியைத் தள்ளித்தான் கிளப்ப வேண்டியிருக்கும்.

சகோதரர்களே, இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வீட்டுச் சமையலறையைச் சக்கரத்தில் ஏற்றி, அங்கேயும் மனைவியை அடுப்படியில் நிறுத்தினால், அவருக்கு இந்தப் பயணத்தில் என்ன இருக்கிறது? ஆண்கள் அருவியில் குளித்துவிட்டு வருவார்கள். பெண்கள் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார்கள். பல குடும்பச் சுற்றுலாக்களின் புகைப்படங்களில் தாய்மார்கள் காணப்படாததன் காரணம் பர்தா மட்டும் என்று நான் நம்பவில்லை. வீட்டில் நபி (ஸல்) அவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, குடும்பத்தாரின் வேலைகளில் உதவிக்கொண்டிருப்பார்கள் என்றுதான் அன்னை ஆயிஷா (ரலி) பதிலளித்தார்கள். பயணத்தில் சமையலும் பாத்திரமும் ஆண்களின் பொறுப்பு என்பதைப் பலகை அடிக்கும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள். பிளைவுட் வாங்குவதைவிட இது கடினமாக இருக்கும்.

நிறுத்தும் இடத்திலும் கவனம் தேவை. இரவில் தங்கும்போது பாதையைத் தவிர்த்துவிடும்படி ஸஹீஹ் முஸ்லிமில் ஓர் அறிவுரை உண்டு. இரவில் அது பிராணிகள் நடமாடும் வழி என்பது காரணம். நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிகளுக்கு நடுவே உறங்குபவர்கள் இதை நினைவில் கொள்ளட்டும். வனத்துறை நிலத்தில் அனுமதியின்றித் தங்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கரிசல் தரையில் வண்டியை இறக்கினால், டிராக்டர் வந்துதான் இழுக்க வேண்டும். கழிப்பறைக்குச் சிறு கூடாரமும் மூடியுள்ள பிளாஸ்டிக் கமோடும் போதும். கழிவைப் பிறர் நடக்கும் வழியிலோ அமரும் நிழலிலோ கொட்டுவது சாபத்திற்குரிய செயல் என்று ஹதீஸ் எச்சரிக்கிறது. பொதுக் கழிப்பறையிலோ வீட்டிற்கு வந்தோ கொட்டிக் கழுவ வேண்டும்.

முதல் பயணத்திற்கே குற்றாலம் வேண்டாம். எட்டயபுரம் பக்கத்தில்தான் இருக்கிறது. சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர் அடங்கியுள்ள ஊர். காலையில் போய், அவரைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லி, லுஹரையும் அஸரையும் அங்கே தொழுது, மதியம் ஆண்கள் சமைத்ததைச் சாப்பிட்டு, மஃரிபுக்கு வீடு திரும்புங்கள். எந்தப் பெட்டி கிரீச்சிடுகிறது, எந்தக் கேன் ஒழுகுகிறது, உம்மாவுக்கு ஏறி இறங்க ஒரு முக்காலி வேண்டுமா என்பதெல்லாம் அன்றே தெரிந்துவிடும். சாரல் தொடங்கும் முன் சரி செய்துகொள்ளலாம், இன்ஷா அல்லாஹ்.