தோசைக்கல் பிட்சா

நேப்பிள்ஸ் நகரில் பிட்சா சுடும் விறகடுப்பின் சூடு ஏறத்தாழ 485 டிகிரி செல்சியஸ். ஒன்றரை நிமிடத்துக்குள் வெந்துவிடும். எங்கள் செம்பவாங் வீவக வீட்டு அவன் முக்கி முனகி 250 டிகிரியைத் தொடும். செம்பவாங்கில்தான் வெந்நீர் ஊற்று இருக்கிறதே என்பீர்கள். அங்கே 70 டிகிரிதான். முட்டை வேகும்.

சூடு போதாததால்தான் வீட்டு பிட்சா மேலே சிவந்து, அடியில் சொதசொதவென்று இருக்கிறது. இதற்கு மருந்து இரும்புத் தோசைக்கல். கல்லை அடுப்பில் நன்றாகக் காயவைத்து, தட்டிய மாவைப் போட்டு இரண்டு நிமிடம் விடுங்கள். அடி சிவந்ததும் சாஸ், சீஸ், மற்றதெல்லாம். பிறகு கல்லோடு தூக்கி அவனில் வைத்து, மேல்சூட்டில் ஐந்து நிமிடம். கல் அவனுக்குள் நுழையுமா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் கைப்பிடி ஆகாது.

மாவுக்கு 250 கிராம் மைதா, 160 மில்லிலிட்டர் தண்ணீர், அரைத் தேக்கரண்டி ஈஸ்ட், முக்கால் தேக்கரண்டி உப்பு. நம் ஊர் வெக்கையில் ஒன்றரை மணி நேரத்தில் பொங்கிவிடும். 2020 ஏப்ரலில் சர்க்கிட் பிரேக்கர் தொடங்கியபோது ஈஸ்டுக்குக் கடை கடையாக அலைந்தோமே, அப்போது தயிரும் பேக்கிங் பவுடரும் சேர்த்துப் பிசைந்தோம். அவசரத்துக்கு இன்றும் அதுதான்.

மேலே எதையும் போடலாம், ஈரம் மட்டும் கூடாது. நேற்றைய மட்டன் பிரட்டல் பிரமாதம். குழம்பு வேண்டவே வேண்டாம். தேக்காவில் வாங்கிய நெத்திலியைச் சம்பலாகச் சுருள வதக்கிப் போட்டால், இத்தாலிக்காரர்களின் ஆன்சோவி பிட்சாவுக்கு அது தங்கை. அன்னாசிச் சண்டைக்கு நான் வரவில்லை. போடுவதானால் வாணலியில் நீர் வற்ற வதக்கிவிடுங்கள். நேப்பிள்ஸ் பிட்சா கலையை 2017ல் பட்டியலிட்ட யுனெஸ்கோ, 2020ல் நம் உணவங்காடிக் கலாசாரத்தையும் சேர்த்தது. பட்டியலில் சேர்ந்தவை தட்டிலும் சேரட்டுமே!

எனக்கு முக்கியமானது அம்மாவின் பிட்சா. அப்பா போன பிறகு அம்மா ஏழு மணிக்கே தனியாகச் சாப்பிட்டு எழுந்துவிடுவார். வெள்ளிக்கிழமை சைவம், சீஸ் பிடிக்காது, “நீங்க சாப்பிடுங்க” என்பார். பிட்சா ஒவ்வொன்றாகத்தான் வரும் என்பதால் வெள்ளி இரவுகளில் எல்லோரும் அடுக்களையில் நின்றபடி காத்திருக்கிறோம். முதல் கல் அம்மாவுக்கு. சீஸ் இல்லை, கத்தரிக்காய் வதக்கல், மிளகு, கறிவேப்பிலை.

“இது ஊத்தப்பம்தானே?” என்றார் முதல் முறை.

போன வெள்ளி நான் நிலையத்திலிருந்து திரும்புவதற்குள் மாவைப் பிசைந்து வைத்திருந்தார். “நீ தண்ணி கம்மியா விடுறே” என்றார்.