ஈஸ்டர் ஸ்பெஷல்: கேக் பாப்ஸ்

40 நாள் தவக்காலம் முடிந்து வரும் ஈஸ்டருக்குக் குட்டீஸை குஷிப்படுத்த, வீட்டில் மிஞ்சிய கேக்கே போதும்!

தேவையானவை: உதிர்த்த வெனிலா கேக் - 2 கப், கண்டென்ஸ்டு மில்க் - 3 டேபிள்ஸ்பூன், ஒயிட் காம்பவுண்ட் சாக்லேட் - 200 கிராம், லாலிபாப் குச்சி - 12, கலர் ஸ்பிரிங்கிள்ஸ் - சிறிதளவு.

செய்முறை: கேக் தூளில் கண்டென்ஸ்டு மில்க்கைச் சிறிது சிறிதாகச் சேர்த்துப் பிசையவும். அதிகமானால் உருண்டை குச்சியில் நிற்காது. நெல்லிக்காய் அளவு உருட்டவும். சாக்லேட்டை டபுள் பாய்லிங் முறையில் உருக்கவும். குச்சி நுனியை அதில் தோய்த்து, உருண்டையில் பாதி வரை செருகி, ஃப்ரிட்ஜில் 20 நிமிடம் வைக்கவும். வெளியே எடுத்து 5 நிமிடம் கழித்து, மீதமுள்ள சாக்லேட்டை மீண்டும் இளக்கி, அதில் முக்கியெடுத்து, ஸ்பிரிங்கிள்ஸ் தூவி, தெர்மாகோலில் குத்தி நிறுத்தவும்.

குறிப்பு: உருகும் சாக்லேட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் கட்டியாகிவிடும். உருண்டை ரொம்ப ஜில்லென்று இருந்தால் மேல்பூச்சு வெடித்துவிடும்.