அளக்காமல் போடும் அபராதம்

கார் கண்ணாடியில் ஃபிலிம் ஒட்டியிருந்தாலே குற்றம், அது கறுப்பா தெளிவா என்று பார்க்க வேண்டியதில்லை என்ற பிடிவாதத்திலிருந்து நம் சாலைகளைக் கட்டுப்படுத்துவோர் இறங்கி வருவதாக இல்லை. விதி மாறிவிட்டது. அண்டை மாநில உயர் நீதிமன்றம் விளக்கமாகத் தீர்ப்பும் சொல்லிவிட்டது. அதன் பிறகும் வண்டியை ஓரங்கட்டி, கண்ணாடி விளிம்பை நகத்தால் சுரண்டிப் பார்த்து, ஃபிலிம் தட்டுப்பட்டால் சலான் நீட்டுவது நிற்கவில்லை. முதல் முறை 500 ரூபாய், அடுத்த முறை 1,500 ரூபாய். இந்தப் பிடிவாதம் தவறு. மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கு இது அநியாயமும்கூட.

எதிர்வாதம் தெரிந்ததுதான். 2012 ஏப்ரல் 27 அன்று அவிஷேக் கோயங்கா வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லா ஃபிலிமையும் தடை செய்துவிட்டதே என்பார்கள். தடை செய்தது உண்மை. எந்த விதியைப் படித்துத் தடை செய்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100-ஆவது விதி, முன்பின் கண்ணாடிகள் 70 விழுக்காடு வெளிச்சத்தையும் பக்கக் கண்ணாடிகள் 50 விழுக்காடு வெளிச்சத்தையும் உள்ளே விட வேண்டும் என்கிறது. கண்ணாடி தயாராகும்போதே அந்த அளவில் இருக்க வேண்டும், மேலே எதையும் ஒட்ட அந்த விதியில் இடமில்லை என்று நீதிமன்றம் பொருள் கொண்டது. அன்றைய வாசகத்துக்கு அது பொருந்தியது. ஆனால் அந்த வாசகம் இன்று அப்படியே இல்லை. உட்புறம் பிளாஸ்டிக் ஃபிலிம் பதித்த ‘சேஃப்டி கிளேஸிங்’ கண்ணாடியையும் ஏற்கும் திருத்தம் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதை எடுத்துக்காட்டித்தான் 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், வெளிச்ச அளவு குறையாதவரை ஃபிலிம் ஒட்டுவது குற்றமல்ல, தயாரிப்பு நிறுவனத்துக்கு மட்டுமல்ல, வண்டியின் உரிமையாளருக்கும் அந்த உரிமை உண்டு என்றது. ஃபிலிமைக் காட்டி இனி மக்களைத் தொல்லைப்படுத்த வேண்டாம் என்று அம்மாநிலப் போக்குவரத்து அமைச்சரே அதிகாரிகளுக்குச் சொன்னார்.

பாலக்காட்டில் சட்டப்படி ஓடிய கார், வாளையாற்றைத் தாண்டிக் கோவைக்குள் நுழைந்ததும் குற்றவாளியாகிவிடுகிறது. கேரளத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது என்பார்கள். மத்திய விதி கட்டுப்படுத்துமல்லவா?

இதில் அதிகம் பாதிக்கப்படுபவர்கள் மின்கார் உரிமையாளர்கள். மின்காரில் ஏசியின் கம்ப்ரஸரும் சக்கரத்தைச் சுழற்றும் மோட்டாரும் ஒரே பேட்டரியிலிருந்துதான் மின்சாரம் எடுக்கின்றன. கத்திரி வெயிலில் நின்ற காரைக் குளிரவைக்கத் தொடக்கத்தில் ஏசி இழுக்கும் மின்சாரம் கொஞ்சமல்ல. சிறிய மின்கார் ஒன்று நகரத்துக்குள் ஒரு யூனிட்டில் ஏறத்தாழ ஏழெட்டு கிலோமீட்டர் ஓடும். பழைய மகாபலிபுரம் சாலை நெரிசலில் ஊர்ந்தபடி ஏசி ஒரு யூனிட்டை விழுங்கினால் அந்த ஏழெட்டு கிலோமீட்டர் போயிற்று. முப்பது யூனிட் பேட்டரி கொண்ட வண்டியில் இது சிறிய இழப்பல்ல.

இதற்கு எளிய தீர்வு உண்டு. வெயில் கொண்டுவரும் ஆற்றலில் ஏறக்குறைய பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். வெளிச்சத்தைப் பெருமளவு விட்டுவிட்டு அந்தக் கதிரை மட்டும் தடுக்கும் செராமிக் ஃபிலிம்கள் சந்தையில் இருக்கின்றன. அவற்றை ஒட்டிய காரின் உள்ளே யார் இருக்கிறார்கள் என்பது வெளியே நிற்பவருக்கு நன்றாகத் தெரியும். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் பல ஆயிரம் கொடுத்து மக்கள் இதை ஒட்டுவது ஒளிந்துகொள்வதற்காக அல்ல. ஆனால் சுரண்டிப் பார்க்கும் நகத்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

கணக்கும் கடினமானதல்ல. 78 விழுக்காடு வெளிச்சம் விடும் பக்கக் கண்ணாடியில் 70 விழுக்காடு விடும் ஃபிலிமை ஒட்டினால் இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 55 விழுக்காடு விடும். விதி கேட்பது 50. அதே ஃபிலிமை முன்கண்ணாடியில் ஒட்டினால் 70-ஐ எட்டாது, அது தவறுதான். ஒரே ஃபிலிம் ஓரிடத்தில் சரி, இன்னோரிடத்தில் தவறு. கருவி இல்லாமல் இதை யாரால் சொல்ல முடியும்? குடித்துவிட்டு ஓட்டுபவரைக்கூடக் கருவியில் ஊதவைத்து, 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டியதா என்று பார்த்த பிறகே வழக்குப் போடுகிறார்கள். குடித்தவருக்குக் கிடைக்கும் இந்த நியாயம், வெயிலிலிருந்து பேட்டரியைக் காப்பாற்ற நினைத்தவருக்கு ஏன் கிடைக்கவில்லை? கண்ணாடியின் இருபுறமும் வைத்து நொடியில் அளக்கும் டின்ட் மீட்டர் அரிய கருவியா என்ன?

அபராதத்தோடும் இது முடிவதில்லை. அந்த இடத்திலேயே உரிக்கச் சொல்கிறார்கள். பின்கண்ணாடியில் பனிமூட்டம் நீக்கும் மெல்லிய மின்கம்பிக் கோடுகள் உண்டு. அவசரத்தில் உரித்தால் அவையும் சேர்ந்து பெயர்ந்து வரும். அந்த இழப்புக்கு யார் பொறுப்பு?

கறுப்பு ஃபிலிமுக்குள் நடந்த குற்றங்களை நாம் மறக்கவில்லை. உள்ளே இருப்பவரை மறைக்கும் ஃபிலிமை உரித்துத்தான் ஆக வேண்டும், அதில் தயவு காட்ட வேண்டாம். ஆனால் அந்தக் காரணத்தைக் காட்டித் தெளிவான ஃபிலிமையும் உரிப்பது காவல் பணியாகாது. அது வசூல்.

தமிழகப் போக்குவரத்து நிர்வாகம் இப்படி நடந்துகொள்வது முதல் முறையும் அல்ல. 2017 செப்டம்பரில் அசல் ஓட்டுநர் உரிமத்தைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும் என்று திடீரென ஆணையிட்டார்கள். தொலைந்தால் என்ன செய்வது என்று கேட்டவர்களுக்குப் பதில் இல்லை. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. அடுத்த ஆண்டே மத்திய அரசு விதியைத் திருத்தி, மின்னணு வடிவில் காட்டினாலே போதும் என்றது. இடையில் பதறி அலைந்த மக்களுக்கு யாரும் வருத்தம்கூடத் தெரிவிக்கவில்லை.

ஆட்டோ மீட்டர் கதை இதைவிட மோசம். 2013 ஆகஸ்டில் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று கட்டணம் அறிவித்தார்கள். ரசீது அச்சிடும் ஜி.பி.எஸ். மீட்டரை ஆட்டோக்களுக்கு இலவசமாகத் தருவோம் என்றார்கள். அந்த மீட்டரைச் சாலையில் பார்த்தவர் யார்? கட்டணத்தை ஆண்டுக்கணக்கில் திருத்தாமல் விட்டதால், 2025 பிப்ரவரியில் ஓட்டுநர் சங்கங்கள் தாங்களே கட்டணம் அறிவிக்கும் நிலை வந்தது. தாங்கள் செய்ய வேண்டிய வேலை என்றால் பன்னிரண்டு ஆண்டு தூங்குவார்கள். குடிமகன் கட்ட வேண்டிய பணம் என்றால் நடுச்சாலையிலேயே வசூலிப்பார்கள்.

மின்வாகனங்களின் தலைநகராகத் தமிழகத்தை ஆக்குவோம் என்று 2023-இல் கொள்கை வெளியிட்டு, 50,000 கோடி ரூபாய் முதலீட்டையும் 1.5 லட்சம் வேலைகளையும் இலக்காக வைத்த மாநிலம் இது. மின்கார் வாங்குங்கள் என்று சாலை வரி விலக்கு கொடுத்து அழைத்துவிட்டு, அந்தக் காரை வெயிலிலிருந்து காப்பவரைச் சாலையில் நிறுத்திக் குற்றவாளியாக நடத்துவது எந்த வகை நிர்வாகம்?

அரசு இனியும் வாய் மூடி இருக்கக் கூடாது. திருத்தப்பட்ட விதியைப் படித்து, அது சொல்வதை மக்களுக்கும் களத்தில் நிற்கும் காவலருக்கும் தெளிவாகச் சொல்ல வேண்டும். அதற்குரிய வழிமுறைகளை விரைந்து காண வேண்டும். அதுவரை இந்த வசூலை நிறுத்தட்டும். கண்ணாடியை அளக்காத அதிகாரிக்கு அபராதம் போடவும் உரிமையில்லை, உரிக்கச் சொல்லவும் உரிமையில்லை.