மெடிகேரும் கம்பெனி காப்பீடும்: அந்தக் கடிதத்தைத் தூக்கிப் போடாதீங்க!

அமெரிக்காவில் 65 வயதானால் மெடிகேர் கிடைக்கும். ஆனா, மாத்திரைச் செலவுக்கு ‘பார்ட் டி’ திட்டத்தில் தனியாகச் சேரணும். வேலை பார்த்த கம்பெனியே ஓய்வுக்குப் பிறகும் மருந்துக் காப்பீடு தருகிறது என்றால்? இங்கேதான் குழப்பம்.

அந்தக் காப்பீடு பார்ட் டி-க்கு இணையானது என்றால் கவலையில்லை. பிறகு சேர்ந்தாலும் அபராதம் கிடையாது. இணையில்லை என்றால், முதல்முறை சேர்வதற்கான காலக்கெடு முடிந்தபின் தொடர்ந்து 63 நாள் சேராமல் இருந்தாலே சிக்கல். தாமதித்த ஒவ்வொரு மாதத்துக்கும் அடிப்படை பிரீமியத்தில் 1% அபராதம். 2025-இல் அந்த பிரீமியம் 36.78 டாலர். 20 மாதம் தாமதம் என்றால் மாதம் சுமார் 7.40 டாலர். சின்னத் தொகைதானே? பார்ட் டி-யில் இருக்கும்வரை கட்டணும். பெரும்பாலும் ஆயுள் முழுக்க!

பயந்துபோய் உடனே சேர்ந்தாலும் ஆபத்து. சில கம்பெனிகள் மருந்தோடு மருத்துவக் காப்பீட்டையும் நிறுத்திவிடும். துணைவரின் காப்பீடும் போகலாம். திரும்பக் கிடைக்காமலும் போகலாம்.

இணையா, இல்லையா என்பதை ஆண்டுதோறும் அக்டோபர் 15-க்குள் கடிதம் சொல்லிவிடும். கம்பெனிகள் பொதுவாக இதை அரசுக்கும் தெரிவிக்கின்றன. அப்புறமும் நிரூபிக்கும் சுமையை முதியவர் தலையில் கட்டுவது நியாயமே இல்லை. அரசே சரிபார்க்க வேண்டும்.

அதுவரை, அந்தக் கடிதத்தைப் பத்திரப்படுத்துவது பிள்ளைகளின் வேலை. பார்ட் டி படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் கம்பெனிக்கு ஒரு போன் போடுங்க.