ஆபரேஷனுக்குப் பிறகு ஞாபக மறதி... தடுக்க மருந்து இருக்கா?

'ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது, ஆனா ஆள் பழைய மாதிரி இல்லையே!' வயதானவர்களுக்கு அறுவை சிகிச்சை நடந்த பல வீடுகளில் கேட்கும் புலம்பல் இது. இதற்கு மருந்து இருக்கிறதா?

எத்தனை பேருக்கு வருகிறது?

1998-ல் லான்செட் இதழில் வந்த ஆய்வில், பெரிய அறுவை சிகிச்சை செய்துகொண்ட 60 வயதைத் தாண்டிய 1,218 பேர் சேர்க்கப்பட்டனர். ஒரு வாரம் கழித்து சுமார் 26% பேருக்கு ஞாபகமும் கவனமும் குறைந்திருந்தன. மூன்று மாதத்தில் அது சுமார் 10% ஆனது. அதாவது, பெரும்பாலானவர்கள் தேறிவிடுகிறார்கள்.

காரணம் என்ன?

மயக்க மருந்து மேல் மட்டும் பழி போட முடியாது. அறுவை சிகிச்சையால் உடலில் உண்டாகும் அழற்சி மூளை வரை போகிறது என்பதே ஆய்வாளர்களின் முக்கிய சந்தேகம்.

மருந்துகள் என்ன ஆச்சு?

ஆபரேஷன் முடிந்த சில நாட்களில் வரும் திடீர் மனக்குழப்பத்துக்கு 'டெலிரியம்' என்று பெயர். இது வந்தவர்களுக்குப் பின்னாளில் மறதி வரும் வாய்ப்பு அதிகம். அதனால் முதலில் இதைத் தடுக்கத்தான் பல ஆய்வுகள் நடந்தன.

* டெக்ஸ்மெடிடோமிடின்: சீனாவில் ஐ.சி.யூ-வில் இருந்த 700 முதியவர்களிடம் நடந்த ஆய்வில் டெலிரியம் 23%-லிருந்து 9% ஆகக் குறைந்தது (2016). ஆனால் அமெரிக்காவில் இதய அறுவை சிகிச்சை செய்துகொண்ட சுமார் 800 பேரிடம் பலன் தெரியவில்லை (2020).
* கீட்டமைன்: 672 பேரிடம் சோதித்தும் டெலிரியம் குறையவில்லை. கெட்ட கனவுகளும், இல்லாதது கண்ணுக்குத் தெரிவதும்தான் அதிகமாயின (2017).
* டோனெபெசில்: அல்சைமர் நோய்க்குத் தரப்படும் இந்த மாத்திரை டெலிரியத்தைத் தடுக்கும் என்பதும் நிரூபணமாகவில்லை.

ஆக, 'ஞாபக சக்தி மாத்திரை' என்று கடையில் வாங்கிக் கொடுப்பதில் அர்த்தமில்லை.

குடும்பத்தினர் என்ன செய்யலாம்?

* மூக்குக்கண்ணாடி, காது மெஷினைக் கையோடு கொண்டு போங்க.
* பகலில் பேச்சு கொடுங்க, நாள், கிழமை சொல்லுங்க. டாக்டர் அனுமதித்ததும் நடக்க வைங்க. இரவில் தூங்க விடுங்க.
* தூக்க மாத்திரை உட்பட சாப்பிடும் எல்லா மருந்துகளையும் மயக்க மருந்து டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்க. நீங்களாக எதையும் நிறுத்தாதீங்க.

இந்த மாதிரி எளிய கவனிப்பால், அமெரிக்காவில் பொது மருத்துவ வார்டில் இருந்த 852 முதியவர்களிடம் டெலிரியம் 15%-லிருந்து 9.9% ஆகக் குறைந்தது (1999).

திடீரென்று ஆள் குழம்பினால் 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடாதீங்க. கிருமித்தொற்று, ஆக்சிஜன் குறைவு, சிறுநீர் அடைப்பு காரணமாக இருக்கலாம். உடனே நர்ஸிடம் சொல்லுங்க. மூன்று மாதம் ஆகியும் மறதி நீடித்தால் நரம்பியல் மருத்துவரைப் பார்ப்பது அவசியம்.