தாய்மார் பகுதி: குழந்தையின் குடலும் அறிவும்



சென்ற திங்கள் நம் சங்கத்தில் மாதர் கூட்டம் முடிந்ததும் ஓர் இளந்தாய் என்னைத் தனியே அழைத்தார். அவர் மகனுக்கு இரண்டு வயது நிறைந்துவிட்டது, பேச்சு வரவில்லை, பிடிவாதமோ மிகுதி. "குடலில் நல்ல கிருமிகள் குறைந்தால் மூளை வளராதாமே, அக்கா! நான் புட்டிப்பால் கொடுத்ததுதான் காரணமோ?" என்று கண் கலங்கினார். விலை மிகுந்த புரோபயாடிக் பொடி ஒன்றையும் வாங்கி வைத்திருந்தார்.

அவரிடம் கூறியதையே உங்களுக்கும் எழுதுகிறேன்.

அவர் கேள்வியுற்ற செய்தி முழுப் பொய்யன்று. தாய்ப்பாலில் உள்ள ஒருவகைச் சர்க்கரையைச் சிசுவால் செரிக்க இயலாது. பிஃபிடோ என்னும் நுண்ணுயிர்களே அதனை உண்டு குடலில் பெருகுகின்றன. 2004-இல் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தார், நுண்ணுயிர் ஒன்றுமே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளை ஆராய்ந்தனர். அசையவொட்டாமல் அடைத்தபோது அவற்றின் உடலில் மன அழுத்தத்தின் அறிகுறிகள் அளவு கடந்து தோன்றின. பிஃபிடோ வகை ஒன்றைக் குடலில் குடியேற்றிய பின் அந்நிலை சீர்பட்டது. குடலும் மூளையும் தம்முள் தொடர்புடையன என்பதற்கு இது சான்று.

ஆயினும் எலி வேறு, குழந்தை வேறு. 2018-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்றில், அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தார் 89 குழந்தைகளின் குடல் நுண்ணுயிர்களை ஒரு வயதில் சோதித்து, இரண்டு வயதில் அவர்தம் அறிவுத்திறனை அளந்தனர். நுண்ணுயிர் வகைகள் மிகுந்திருந்த குழந்தைகள் குறைந்த மதிப்பெண்ணே பெற்றனர்! அன்றியும், ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று அவ்வாராய்ச்சி நிலைநாட்டவுமில்லை. இந்நிலையில், எந்தப் பொடி எந்தக் குழந்தையைப் பேச வைக்கும் என்று எவர் உறுதி கூறவல்லார்?

நாம் செய்யத்தக்கவை எளியன. இயன்றவரை முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுங்கள். பின்னர்ச் சோறு, பருப்பு, காய், கனி, தயிர் என வீட்டு உணவைப் பழக்குங்கள். சாதாரணச் சளிக்கெல்லாம் மருந்துக் கடையில் தாமாக ஆன்டிபயாடிக் கேட்டு வாங்காதீர்கள். அது தீய கிருமிகளோடு நல்லவற்றையும் அழிக்கும். மருத்துவர் தேவையென்று எழுதிக் கொடுத்தால் மறுக்கவும் வேண்டா.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று உண்டு. பேச்சுத் தாமதித்தால் முதலில் சோதிக்க வேண்டியது செவியை. பொடியை நம்பிக் காத்திருக்கும் மாதங்கள் திரும்பி வாரா. தமிழும் இந்தியும் கலந்து கேட்பதால் பேச்சு தாமதிக்கிறது என்று ஆறுதல் கூறுவோரையும் நம்பி இருந்துவிடாதீர்கள்.

அந்தத் தாய் மறுவாரமே மகனை மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். இரு செவிகளிலும் செவிப்பறைக்குப் பின்னே நீர் தேங்கியிருந்ததாம். இப்போது சிகிச்சை நடைபெறுகிறது. தம்மையே நொந்துகொண்டிருந்த அவர் முகத்தில், இம்முறை சற்றுத் தெளிவு கண்டேன்.