சீனத் தேயிலையும் எங்கப்பாவின் விரலும்

கண் ஆபரேஷனுக்குப் பிறகு நீளமாக எதுவும் எழுதவில்லை. இன்று கொஞ்சம் பெரிய பதிவு. சமையல் வேலையை முடித்துவிட்டு உட்கார்ந்து படியுங்கள்.

என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி ஒரகடம் பக்கம் செல்போன் பாகம் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ஊருக்கு வந்தபோது ஒரு தேயிலைப் பொட்டலம் கொடுத்தாள். "டீச்சர், எங்க லைனுக்கு வேலை கத்துக்கொடுத்த சீனாக்காரர் ஊருக்குத் திரும்பிப் போறப்ப கொடுத்தது. உங்களுக்குன்னு பாதி எடுத்து வச்சேன்" என்றாள். பிரித்துப் பார்த்தால் மிளகுபோல உருண்டை உருண்டையாகப் பச்சை இலை. நான் வழக்கம்போல பாலில் போட்டு, சர்க்கரை கொட்டி, பொங்கப் பொங்கக் கொதிக்க வைத்தேன். வாயில் வைக்க முடியவில்லை. போனில் சொன்னதும் அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

அவள் சொன்ன பக்குவம் இதுதான். பால் கூடாது, சர்க்கரை கூடாது. நன்றாகக் கொதித்த நீரை இலைமேல் ஊற்றி, ஒரு நிமிடத்துக்குள் வடித்துவிட வேண்டும். அதே இலையில் மறுபடி ஊற்றலாம், நாலைந்து முறை வரும். மூன்றாவது தடவை ஊற்றும்போது அந்த உருண்டை பிரிந்து முழு இலையாக விரிந்தது. பூ வாசம். பெயர் திகுவான்யின். ஊலாங் வகையைச் சேர்ந்தது, சீனாவின் ஃபூஜியன் மாகாணத்துச் சரக்கு. நம் 'தேயிலை'யில் இருக்கும் 'தே'யும் அந்த ஃபூஜியன் கடற்கரைப் பேச்சிலிருந்து கப்பலேறி வந்த சொல்தான். மலையாளிகளின் 'சாயா' சீனாவின் மற்றப் பகுதிகளில் வழங்கும் 'சா'வின் வழி. (இதை வகுப்பில் சொல்லாமல் விட்டதற்கு மன்னியுங்கள். எனக்கே பிறகுதான் தெரிந்தது.)

பச்சைத் தேநீர், ஊலாங், நாம் குடிக்கும் கறுப்புத் தேயிலை எல்லாம் ஒரே செடிதான். வாட்டுவது, உருட்டுவது, எவ்வளவு நேரம் காற்றில் கறுக்க விடுவது, எப்போது சூடு காட்டி நிறுத்துவது, இதில்தான் வித்தியாசம். வெள்ளைக்காரர்கள் வெகுகாலம் பச்சை வேறு செடி, கறுப்பு வேறு செடி என்றே நினைத்திருந்தார்கள். 1848-ல் கிழக்கிந்தியக் கம்பெனி அனுப்பிய ராபர்ட் ஃபார்ச்சூன் சீன வேடம் போட்டுக்கொண்டு உள்நாட்டுக்குள் போய் நேரில் பார்த்து உறுதி செய்தார். ஆயிரக்கணக்கான கன்றுகளைக் கண்ணாடிப் பெட்டிகளில் அடைத்து இமயமலை அடிவாரத்துக்குக் கொண்டுவந்தார். கன்றை மட்டும் கொண்டுவரவில்லை, தேயிலை பக்குவம் செய்யத் தெரிந்த சீனத் தொழிலாளிகளையும் கூட்டி வந்தார். அசாமில் அதற்கு முன்பே அப்படித்தான். அங்கே காட்டிலேயே தேயிலைச் செடி இருந்தது. ஆனாலும் பக்குவம் செய்ய 1830-களில் சீனர்களைத்தான் வரவழைத்தார்கள். 1839 ஜனவரியில் லண்டனில் ஏலம் போன முதல் அசாம் தேயிலை எட்டே பெட்டி.

நம் நீலகிரிக்கு வருவோம். நடுவட்டத்துச் சிறைக்கு மலாக்கா நீரிணைப் பகுதியிலிருந்து சீனக் கைதிகள் கொண்டுவரப்பட்டார்கள். அவர்கள்தான் அங்குள்ளவர்களுக்குத் தேயிலைத் தொழிலைக் காட்டிக்கொடுத்தார்கள் என்று மலையில் இன்றும் சொல்கிறார்கள். விடுதலையான சிலர் தமிழ்ப் பெண்களைக் கட்டிக்கொண்டு, காய்கறியும் கொஞ்சம் காப்பியும் பயிரிட்டு அங்கேயே தங்கிவிட்டார்கள். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் அந்தக் குடும்பங்களைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். மூக்கையும் நெற்றியையும் அளந்து எழுதினார். அவர்கள் கையில் இருந்த தொழிலையும் கேட்டு விரிவாக எழுதியிருக்கலாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 2025 ஜூலையில், ஃபாக்ஸ்கான் ஆலைகளிலிருந்து 300-க்கும் மேற்பட்ட சீனப் பொறியாளர்களும் டெக்னீஷியன்களும் திருப்பி அழைக்கப்பட்டார்கள் என்று செய்தி வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? நம் சுங்குவார்சத்திரத்தில் ஐபோன் செய்கிற கம்பெனிதான் அது. நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அன்று ஒரே கொண்டாட்டம். "போகட்டும், இனி நம்ம ஆளுங்களே செய்வாங்க" என்று கைதட்டும் படங்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நம் பிள்ளைகளால் முடியாது என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்குப் பாடம் நடத்தியவள் நான். ஆனால் மிஷின் வந்துவிட்டால் தொழில் வந்துவிட்டது என்று நினைப்பது, செடி வந்துவிட்டால் தேநீர் வந்துவிட்டது என்று நினைப்பதுபோலத்தான். அந்தப் பெண்ணிடம் கேட்டேன், "அவர் சொல்லிக் கொடுத்ததை எங்கேயாவது எழுதி வச்சிருக்கியாம்மா?" "இல்ல டீச்சர், கை பழகிடுச்சு" என்றாள். அவளுக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறது. நாளைக்கு வேலையை விட்டால் கை பழகியதும் அவளோடு போய்விடும்.

அவளைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. எங்கப்பா ஐயம்பேட்டையில் குழித்தறி நெய்தவர். கோர்வைச் சேலைக்குக் கரைநாடா எறிய பக்கத்தில் ஒரு பிள்ளை வேண்டும். எங்கள் வீட்டில் அந்தப் பிள்ளை நான்தான். முந்தானை வேறு நிறமாக வரும்போது உடல் பாவின் ஒவ்வொரு இழையையும் முந்தானைப் பாவின் இழையோடு கோத்து இணைப்பார். அதுதான் பேட்னி. இருட்டிலும் அவர் விரல் தவறாது. பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தவள், ஆசிரியப் பயிற்சி முடித்தவள், முப்பது வருஷம் "குறிப்பெடு, குறிப்பெடு" என்று உங்களை விரட்டியவள், அவரிடம் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதி வாங்கவில்லை. அவர் போய்ப் பதினான்கு வருஷம் ஆகிறது.

சந்தர்ப்பமும் இல்லாமல் இல்லை. 2015 அக்டோபரில் புதுக்கோட்டையில் தமிழ் வலைப்பதிவர் சந்திப்பு நடந்தது. ஆசிரியர்கள் முன்னின்று நடத்திய விழா என்று தெரிந்து நானும் பஸ் ஏறிப் போனேன். கணினியைத் தொடவே பயந்த என்னைப் போன்றவர்களுக்கு, வலைப்பூ தொடங்குவது எப்படி என்று இளம் ஆசிரியர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தந்தார்கள். வீட்டுக்கு வந்து நானும் ஒன்று தொடங்கினேன். பதினோரு பதிவு. அதில் ஆறு பொங்கல், தீபாவளி வாழ்த்து! பிறகு ஃபேஸ்புக் வந்து எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. அங்கே வந்திருந்த பலரும் கவிதையும் சினிமா விமர்சனமும் எழுதினார்கள், நன்றாகவே எழுதினார்கள். தன் கைத்தொழிலைப் பற்றி எழுதியவர்கள் எத்தனை பேர் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

அதனால் உங்களிடம் கேட்கிறேன். கம்பெனி ரகசியத்தை எழுதச் சொல்லவில்லை, வேலைக்கு வேட்டு வைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கைக்குத் தெரிந்ததை எழுதுங்கள். லேத் ஓட்டுகிறவன் சத்தத்தை வைத்து எப்படிப் பழுது கண்டுபிடிக்கிறான், சாயம் போடுகிறவள் பதத்தை எப்படிப் பார்க்கிறாள் என்று தமிழில், பேச்சு நடையிலேயே எழுதுங்கள். எழுத்துப்பிழை இருந்தால் எனக்கு அனுப்புங்கள், சிவப்பு மை இன்னும் காயவில்லை.

முத்தியால்பேட்டைத் தம்பிக்கு ஒரு செய்தி. சித்தப்பா தறியை நீ இன்னும் கலைக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். அடுத்து பேட்னி போடும் நாளை முன்னாலேயே சொல்லு. நான் நோட்டோடு வருகிறேன், பேரன் செல்போனில் வீடியோ எடுப்பான். டீ நான் கொண்டுவருகிறேன். பால் வாங்கி வைக்காதே.